நால்வருக்கு ஒரு பாராட்டு மடல்

ஓ, யு, ஜி, ஹெச் ஆகிய எழுத்துப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில், தனித்தனியாகப் பார்த்தால், நீங்கள் நால்வரும் மற்றவர்களைப் போன்றவர்கள்தான். இதே வரிசையில் சேர்ந்து நிற்கும்போதுதான் உங்கள் மகிமை வெளிப்படுகிறது. அரிச்சுவடி முடித்து வாக்கியம் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் வரை, தெரியாத சொல்லொன்றில் உங்களைக் கண்டால் வாயைத் திறக்குமுன் நிதானிக்கிறார்கள். படிப்பவரை நிறுத்தி வைத்து மரியாதை வாங்கும் இப்படியோர் எழுத்துக் கூட்டம் உலக மொழிகளில் அரிது. உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டை முறையாகச் சேர்ப்பிக்க வேண்டும் என்றே இந்த மடலை எழுதுகிறேன். இதில் வரும் செய்தி எதையும் மிகைப்படுத்தவில்லை. உங்கள் வரலாற்றுக்கு மிகை தேவையும் இல்லை.

முதலில் உங்கள் வள்ளல்தன்மையைச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் உங்களிடம் கிடையாது. 'ஆனாலும்' என்று பொருள்படும் தோ என்ற சொல்லில் நீங்கள் 'ஓ' என்று ஒலிக்கிறீர்கள். அதே சொல்லுக்குள் ஓர் ஆர் நுழைந்தால் 'வழியாக' என்ற பொருள் தரும் த்ரூ ஆகிறது. நீங்கள் 'ஊ' என்று மாறிவிடுகிறீர்கள். தோ-வின் தொடக்கத்தில் இருக்கும் ஹெச்சை எடுத்துவிட்டால் 'கடினம்' என்னும் டஃப். இப்போது நீங்கள் 'அஃப்'. முன்னால் சி மட்டும் வந்தால் இருமலைக் குறிக்கும் காஃப், 'ஆஃப்'. அந்த இடத்தில் பி வந்தால் மரக்கிளையைச் சொல்லும் பவ்; 'அவ்'. தோ-வின் இறுதியில் ஒரு டி சேர்ந்தால் எண்ணம் என்னும் தாட், 'ஆ'. த்ரூ-வில் கூடுதலாக ஓர் ஓ சேர்ந்தால் 'முழுமையான' என்னும் தரா. கடைசியில் நீங்கள் வெறும் 'அ'. விக்கலைச் சொல்லும் ஹிக்கப் என்ற சொல்லை உங்களை வைத்தும் எழுதுவார்கள், அங்கே 'அப்'. அயர்லாந்துக்காரர் தம் ஏரியை லாக் என்பார், அங்கே 'ஆக்'. நான்கு எழுத்துகள், ஒன்பது ஒலிகள். ஹெச்சும் ஆரும் டியும் உள்ளே வந்து வெளியே போவதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. நீங்கள் நால்வரும் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

உங்கள் குடும்பத்தில் ஓ-வுக்குப் பதில் ஏ நிற்கும் ஒரு கிளை உண்டு. அங்கும் இந்தப் பெருந்தன்மை குறையவில்லை. சிரிப்பு என்னும் லாஃப்டருக்கு முன்னால் ஓர் எஸ் போட்டால் அது படுகொலை என்னும் ஸ்லாட்டர் ஆகிறது. மற்ற எல்லா எழுத்துகளும் அப்படியே இருக்க, ஓர் எஸ்ஸின் வரவால் அடுத்துள்ள உயிரொலியும் அதற்கடுத்த மெய்யொலியும் மாறிப்போகும் அதிசயத்தைப் பள்ளிப் பிள்ளைகள் எந்த விளக்கமும் இல்லாமல் மனப்பாடம் செய்கிறார்கள்.

அடுத்தது உங்கள் நினைவாற்றல். நீங்கள் எதையும் மறப்பதில்லை. இறந்துபோன ஓர் ஒலியின் நினைவாகவே நிற்கிறீர்கள். பழைய ஆங்கிலத்தில் எண்ணத்தையும் மகளையும் இரவையும் குறிக்கும் சொற்களில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி இருந்தது. தமிழ் வாசகருக்கு அது புரியாத ஒலி அல்ல. எஃகு, அஃது என்று சொல்லும்போது ஆய்தத்தில் எழும் உராய்வுக்குப் பக்கத்தில் அதை வைக்கலாம். ஜெர்மானியர் இரவை நாஹ்ட் என்றும் மகளை டோஹ்டர் என்றும் சொல்லும்போது அந்த ஒலி இன்றும் கேட்கும். ஸ்காட்லாந்தில் ஏரியின் பெயரிலும் கேட்கும். பழைய ஆங்கிலத்தில் அதை வெறும் ஹெச் கொண்டே எழுதினார்கள். நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு எழுத்துமுறையில் பழகிய எழுத்தர்களின் கை ஓங்கியது. 3 என்ற எண்ணைப் போன்ற வடிவில் யோக் என்றோர் எழுத்தும் அந்த ஒலிக்காகச் சில காலம் புழங்கியது. அதையும் தள்ளிவிட்டு, ஜி-ஹெச் என்ற இரட்டையர் அங்கே குடியேறினார்கள். அந்த நாளில் அது நியாயமான ஏற்பாடு. ஒலி இருந்தது, அதற்கு எழுத்து இருந்தது.

பிறகு ஒலி போயிற்று. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி 17-ஆம் நூற்றாண்டுக்குள் தென் இங்கிலாந்துப் பேச்சிலிருந்து அது மெல்ல மறைந்தது. சில சொற்களில் சுவடில்லாமல் கரைந்தது. வேறு சிலவற்றில் உதட்டுக்கு நகர்ந்து எஃப் ஒலியாக மாறியது. எந்தச் சொல்லில் கரைந்தது, எதில் எஃப் ஆனது என்பதற்கு மாணவர் கையாளத்தக்க விதி எதுவும் இல்லை. (நம் ஆய்தமும் இன்று ப-வின் முன்னால் நின்று காஃபி, ஃபோன் என்று எஃப் ஒலியைக் காட்டும் வேலையை ஏற்றிருக்கிறது. தொண்டை ஒலிக்கும் உதட்டு ஒலிக்கும் இரண்டு மொழிகளில் இப்படியோர் உறவு ஏற்பட்டது எனக்கு எப்போதும் வியப்பு.) ஒலி இறந்தது தெரிந்தும் நீங்கள் இடத்தைக் காலி செய்யவில்லை. வீட்டுக்காரர் காலமாகி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையாக, வருகிறவர்கள் எல்லோரையும் அந்தக் கதவைத் தட்ட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சமத்துவத்திலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. 'போதும்' என்னும் இனஃப், கலப்பை என்னும் ப்ளவ், மரக்கிளை என்னும் பவ் ஆகியவற்றின் பழைய வடிவங்கள் ஜி-யில் முடிந்தவை. 'வழியாக' என்ற சொல்லும் 'முழுமையான' என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒரே சொல். பிறகு இரண்டாகப் பிரிந்தன. 'ஆனாலும்' என்ற சொல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் கொடை. வேறு வேறு ஊரில், வேறு வேறு உயிரொலியோடு பிறந்த இவற்றுக்கெல்லாம் நீங்கள் ஒரே சீருடை மாட்டினீர்கள். உறவே இல்லாதவர்களையும் வரவேற்றீர்கள். விக்கல் என்ற சொல்லில் அந்தத் தொண்டை ஒலி ஒருபோதும் இருந்ததில்லை. அதை முன்பு வேறு விதமாகத்தான் எழுதினார்கள். இருமலுக்குச் சொந்தம் என்று யாரோ நினைத்ததால் உங்கள் நால்வருக்கும் அதில் இடம் கிடைத்தது. மகிழ்ச்சி என்று பொருள்படும் டிலைட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. வெளிச்சம் என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போனதால் அதற்குள்ளும் ஜி-ஹெச் இரட்டையர் நுழைந்துகொண்டனர். வரலாற்றைக் காப்பதற்காகவே நீங்கள் நிற்கிறீர்கள் என்று உங்கள் ஆதரவாளர்கள் சொல்லும்போது, இந்த இரு சொற்களையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இல்லாத வரலாற்றையும் சேர்த்தே காக்கிறீர்கள்.

உங்கள் நல்லூழையும் சொல்லாமல் விட முடியாது. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476-இல். ஆங்கில உயிரொலிகள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையே நெட்டுயிர்கள் எல்லாம் வாயில் வேறு இடத்துக்குப் போயின. பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டுவிட்டது. அச்சுக்கோப்பவர் கையில் இருந்த வடிவமே அடுத்தடுத்த புத்தகங்களுக்கும் போயிற்று. 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்து அந்த வடிவங்களுக்கு மதிப்பும் நிலைபேறும் தந்தது. பேசும் வாய் பிறகும் மாறிக்கொண்டேதான் இருந்தது. நீங்கள் மாறவில்லை.

உங்கள் நடுவுநிலைமை நெஞ்சைத் தொடுவது. அந்நியன் என்று எங்களை மட்டும் சோதிப்பதில்லை. பெற்ற தாய்நாட்டையும் சோதிக்கிறீர்கள். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்றோர் ஊர். அதே எழுத்துகளை அதே வரிசையில் எழுதி ஸ்லஃப் என்று படித்தால் பாம்பு சட்டை உரிப்பதைக் குறிக்கும். அமெரிக்கர் அதையே ஸ்லூ என்று படித்தால் சதுப்பு நீர்நிலை. ஹவ்ட்டன் என்பதா, ஹோட்டன் என்பதா என்று ஒரு குடும்பப் பெயரைப் படிக்கத் தயங்கினால் அந்தக் குடும்பத்தாரையே கேட்க வேண்டும். லெஸ்டர்ஷயரில் உள்ள லஃப்பரா என்ற ஊர்ப்பெயரில் நீங்கள் இரண்டு முறை வருகிறீர்கள். முதல் தடவை 'அஃப்', இரண்டாம் தடவை 'அ'. ஒரே சொல்லுக்குள், ஐந்தாறு எழுத்து இடைவெளிகூட இல்லாமல், சொன்ன சொல்லை மாற்றும் துணிவு பெரிய துணிவு. ஜெரார்ட் நோல்ஸ்ட் ட்ரெனிட்டே என்ற டச்சு ஆசிரியர் ஆங்கில உச்சரிப்பின் முரண்களை மட்டுமே கொண்டு ஒரு நீண்ட கவிதை எழுதி 1920-இல் வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'குழப்பம்' என்று பொருள்படும் கேயாஸ். அதிலும் உங்களுக்கு இடம் உண்டு.

இனி உங்கள் வீரத்துக்கு வருகிறேன். உங்கள் புகழில் பெரும்பகுதி போர்க்களத்தில் ஈட்டியது.

இடிதாங்கி கண்ட பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1768-இல் ஆங்கிலத்துக்குப் புதிய அரிச்சுவடி வகுத்தார். தேவையில்லாத ஆறு எழுத்துகளை நீக்கி, ஆறு புதிய எழுத்துகளைச் சேர்த்தார். மின்னலைப் பிடித்தவரால் உங்களைப் பிடிக்க முடியவில்லை. அகராதி செய்த நோவா வெப்ஸ்டர் ஓரளவு வென்றார். 1828-இல் வந்த அவருடைய பேரகராதியின் வழிவந்த அமெரிக்கர் கலப்பையைச் சொல்லும் ப்ளவ் என்ற சொல்லில் உங்களை நீக்கிவிட்டு எழுதுகிறார்கள். ஆனால் எண்ணத்திலிருந்தும் இருமலிலிருந்தும் அவராலும் உங்களை அகற்ற இயலவில்லை.

1906-ஆம் ஆண்டு உங்கள் வாழ்வில் பொன்னாண்டு. எழுத்துக்கூட்டலை எளிதாக்க அமெரிக்காவில் ஒரு வாரியம் அமைந்தது. பணம் தந்தவர் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி. நூலகங்களுக்குப் பகுப்பு எண் கொடுத்த மெல்வில் டூயியும் அதில் இருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட், வாரியம் தந்த 300 சொற்களையும் எளிய வடிவிலேயே அச்சிட வேண்டும் என்று அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். தோ, த்ரூ, தரா மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. தோ-வுக்கு டி-ஹெச்-ஓ போதும், த்ரூ-வுக்கு டி-ஹெச்-ஆர்-யு போதும் என்றது பட்டியல். பத்திரிகைகள் கேலி செய்தன; நாடாளுமன்றம் எதிர்த்தது; டிசம்பரில் அதிபர் பின்வாங்கினார். பனாமாக் கால்வாய் வெட்டும் பணியை முன்னின்று நடத்திய மனிதர், அதே ஆண்டில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற மனிதர், நான்கு எழுத்துகளிடம் சில மாதங்களில் தோற்றார். 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் 1934-இல் எளிய எழுத்துக்கூட்டலைத் தொடங்கி, தோ-வையும் த்ரூ-வையும் சுருக்கி அச்சிட்டுப் பார்த்தது. 1975-இல் அதுவும் ஓய்ந்து உங்களையே திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று பள்ளி: வீட்டில் பிள்ளைகள் நாளிதழில் ஒன்றைப் பார்க்கிறார்கள், வகுப்பில் ஆசிரியர் வேறொன்றைக் கேட்கிறார்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவையானது. 1949-இல் மான்ட் ஃபாலிக் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தத்துக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். 87-க்கு 84, மூன்றே வாக்கில் தோல்வி. 1953-இல் மறுபடி கொண்டுவந்தார். இரண்டாம் வாசிப்பில் 65-க்கு 53 என்று வென்றும், கல்வி அமைச்சர் ஆய்வுக்கு உறுதியளித்த பிறகு மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்த உறுப்பினரின் தொகுதி எது தெரியுமா? நீங்கள் இரண்டு தடவை வீற்றிருக்கும் அதே லஃப்பரா. தொகுதியின் பெயரை எழுதும்போதெல்லாம் உங்களை இருமுறை எழுதியவரின் கோரிக்கையை நீங்கள் இருமுறை முறியடித்திருக்கிறீர்கள்.

பெர்னார்ட் ஷா 1950-இல் இறந்தபோது, ஆங்கிலத்துக்கு ஒலிவழி எழுத்து உருவாக்கத் தம் உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். அந்த எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அச்சாகியது. அச்சாகியதோடு சரி. 1961-இல் ஜேம்ஸ் பிட்மன் வகுத்த, 40-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட தொடக்கநிலை அரிச்சுவடி பிரிட்டிஷ் பள்ளிகளுக்குள் நுழைந்தது. அதில் படித்த குழந்தைகள் தொடக்கத்தில் விரைவாக வாசித்தார்கள். ஆனால் பிறகு உங்களிடம்தானே வந்து சேர வேண்டும்? பழகியதை விட்டுவிட்டு உங்களைப் புதிதாகக் கற்க நேர்ந்தபோது பலர் தடுமாறினார்கள். அந்த முயற்சியும் மெல்ல அடங்கியது. அறிவியலாளர், அதிபர், கோடீஸ்வரர், நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று இத்தனை பேரை வென்ற நீங்கள், அதற்காக ஒரு வாதம்கூட முன்வைக்க வேண்டியிருக்கவில்லை. பழகிவிட்டது என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது.

உங்களை அறவே தவிர்த்து ஆங்கிலம் எழுதும் ஒரு வழி தமிழ்நாட்டின் ஊர்தோறும் கற்பிக்கப்பட்டது என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். ஜேம்ஸ் பிட்மனின் தாத்தா ஐசக் பிட்மன் 1837-இல் வகுத்த சுருக்கெழுத்து அது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், தட்டச்சுப் பொறிகளின் ஓசைக்கு நடுவே, எத்தனையோ இளைஞர்களும் இளம்பெண்களும் அதைக் கற்றுத் தேர்வெழுதி அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். பிட்மன் முறையில் காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. தோ என்று அதிகாரி சொன்னால் அந்த ஒலிக்குரிய சிறு கீற்று. டஃப் என்றால் அதற்குரிய கீற்று. ஹையர் என்னும் மேல்நிலைத் தேர்வு முடித்த சுருக்கெழுத்தருக்கு நிமிடத்துக்கு 120 சொல் ஓடும் உரையிலும் குழப்பம் வராது. பிறகு அதைத் தட்டச்சில் விரித்து எழுத உட்காரும்போதுதான் நீங்கள் நால்வரும் வந்து வரிசையில் நிற்பீர்கள். நீங்கள் இல்லாமலும் ஆங்கிலத்தைப் பிழையின்றிப் பதிவுசெய்ய முடியும் என்பதற்கு நம் ஊர்ச் சுருக்கெழுத்தர்களின் குறிப்பேடுகளே சான்று.

உங்களால் வாழ்ந்தவர்களையும் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டலில் போட்டி வைக்க வேண்டும் என்றால் முதலில் எழுத்துக்கூட்டல் ஒலியோடு ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். கேட்டதை அப்படியே எழுதும் ஃபின்லாந்துப் பிள்ளைகளுக்கு இப்படியோர் போட்டி வைத்தால் எல்லோரும் ஜெயிப்பார்கள். அமெரிக்காவில் தேசியப் போட்டி 1925-இல் தொடங்கியது. 2019-இல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றார்கள். எண்மரில் எழுவர் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு வணங்கத்தக்கது. ஒரு குழந்தையின் பல ஆண்டு மாலைப்பொழுதுகளை, கணக்குக்கோ இசைக்கோ அறிவியலுக்கோ போகாமல் தடுத்து, முற்றாக வாங்கிக்கொள்ளும் உங்கள் ஈர்ப்பும் சாதாரணமானதல்ல.

இப்போது உங்கள் புகழின் உச்சிக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் உங்கள் மேல் ஒரு பழிகூட விழாதபடி பார்த்துக்கொண்டீர்கள்.

ஸ்காட்லாந்தின் பிலிப் சேமூரும் உடன் ஆய்வாளர்களும் 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளில் குழந்தைகள் எப்படி வாசிக்கக் கற்கிறார்கள் என்று ஒப்பிட்டு 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதலாம் ஆண்டின் இறுதியில் ஃபின்லாந்துக் குழந்தைகள் பழக்கமான சொற்களில் 98 விழுக்காட்டைச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 விழுக்காடு. மற்ற பெரும்பாலான மொழிகளில் ஓராண்டில் வரும் அடிப்படை வாசிப்பு, ஆங்கிலத்தில் வர இரண்டு மடங்குக்கும் மேலான காலம் பிடிக்கிறது என்றார்கள். அதற்கு முன், 2001-இல் வந்த இன்னோர் ஆய்வு இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவகையினரில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டது. மூளையில் குறைபாடு தெரிந்த இடம் மூவருக்கும் ஒன்றே. ஆனாலும் இத்தாலியர் மற்ற இருவரையும்விடப் பிழை குறைவாக வாசித்தார்கள். ஒரே குறைபாடு, எழுத்துமுறை எளிதாக இருந்த ஊரில் அதன் சுமை குறைந்திருந்தது. இந்தச் சுமைக்கு நீங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கூட்டத்தில் முன்வரிசை உங்களுடையது.

இதையெல்லாம் அறியாத ஓர் இரண்டாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி ஆங்கில வழியில் சேர்த்திருக்கிறார்கள். ஆசிரியை டிக்டேஷன் கொடுக்கிறார், தோ என்கிறார். பிள்ளை காதைத் தீட்டிக் கேட்டு, கற்ற ஒலிகளை வரிசையாக நினைத்து, டி-ஹெச்-ஓ என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பத்து முறை எழுதிவர இம்போசிஷன். அமெரிக்க அதிபர் உத்தரவாக வெளியிட்ட அதே மூன்றெழுத்தைத்தான் அந்தப் பிள்ளை எழுதியது. காது சரியாகக் கேட்டது, மூளை சரியாகப் பிரித்தது, கை சரியாக எழுதியது. அந்த ஏட்டில் தவறு செய்யாத ஒரே ஆள் அந்தப் பிள்ளை. இருந்தாலும் மாலையில் வீட்டுக்குப் போகும்போது 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்ற முடிவோடு போகிறது. அந்த முடிவைப் பிறகு பத்தாம் வகுப்பிலும் கல்லூரியிலும் நேர்முகத் தேர்விலும் கூடவே சுமக்கிறது. ஐந்து நூற்றாண்டுக் கணக்கில் நேர்ந்த குளறுபடி முழுவதையும் ஒரு குழந்தை தன் அறிவுக்குறைவு என்று ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் நால்வரும் கறையின்றி நிற்கிறீர்கள். இதைவிடப் பெரிய வெற்றி எதுவும் உங்கள் வரலாற்றில் இல்லை. ரூஸ்வெல்டை வென்றது இதற்கு அடுத்தபடிதான்.

எங்கள் எழுத்தை உங்களோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ககரமும் ஒலி மாறும். கல்லில் ஒன்று, பகலில் ஒன்று, சங்கில் ஒன்று. ஆனால் சொல்லில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் ஒலி தெரிந்துவிடுகிறது. கடன் வாங்கிய சொற்களில் மட்டுமே சிக்கல். ஒவ்வோர் எழுத்தும் உடலில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று சொல்வதற்காகத் தொல்காப்பியம் ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. அவ்வளவு வெளிப்படையாக இருந்தால் மர்மம் எங்கிருந்து வரும்? உறுதியிலும் நாங்கள் உங்களுக்கு ஈடில்லை. பெரியார் 1935-இல் தம் ஏட்டில் சில எழுத்துகளை எளிய வடிவில் அச்சிடத் தொடங்கினார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டது, ணை, லை, னா, றா போன்ற 13 எழுத்துகள் புது வடிவம் பெற்றன. கொம்பு சுழித்த பழைய வடிவங்களில் படித்த தாத்தாக்கள் புதியதைப் படித்தார்கள். பேரப்பிள்ளைகள் புதியதை எழுதினார்கள். குழந்தைக்குச் சுமை குறையட்டும் என்பதற்காக ஓர் எழுத்து தன் வடிவத்தை விட்டுக்கொடுத்தது. அப்படி விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வந்ததில்லை.

இருந்தாலும் இப்போது சில இடங்களில் உங்களைக் காணவில்லை. காரில் இருந்தபடியே உணவு வாங்கும் கடைகளின் பலகையில் த்ரூ நான்கே எழுத்தில் நிற்கிறது. இனிப்பு வளையமான டோநட் பல கடைகளில் உங்கள் மூவரை இறக்கிவிட்டு ஓ-வை மட்டும் வைத்துக்கொண்டது. கைப்பேசியில் இளைஞர்கள் தோ-வை மூன்றெழுத்தில் தட்டுகிறார்கள். எந்த நாடாளுமன்றமும் வாக்கெடுக்கவில்லை. எந்த அதிபரும் ஆணையிடவில்லை. கட்டைவிரலுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். நீங்கள் இனி அதிகம் தங்கப்போகும் இடம் தேர்வுத்தாள்.

பாராட்டு முடிந்தது. இந்த மடலைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தேர்வில் எழுத்துக்கூட்டலுக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே பிள்ளைகள் இந்த நால்வரையும் கற்கத்தான் வேண்டும், கற்றுக்கொடுங்கள். சொற்களை ஒலிவாரியாகக் கூட்டம் பிரித்துக் கொடுங்கள்: டஃப், ரஃப், இனஃப் ஒரு நாள், பாட், தாட், ப்ராட் ஒரு நாள், தோ, டோ இன்னொரு நாள். ஒன்பதையும் ஒரே டிக்டேஷனில் கலக்காதீர்கள். தொண்டையில் பிறந்து மறைந்துபோன அந்த ஒலியை ஒரு தடவை வகுப்பில் எழுப்பிக் காட்டுங்கள்; எஃகு என்று சொல்லத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். த்ரூ-வை நான்கெழுத்தில் எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததைச் சரியாக எழுதியதற்காக அந்தப் பிள்ளையை மக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.